வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்: மன அழுத்தத்தைக் குறைப்பதாகச் சொல்லும் ஆய்வுகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

மன அழுத்தம் தொடர்பாக வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: இரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி இருக்கிறது. மன அழுத்தமோ அவரவர் மனத்துக்கு மட்டுமே தெரிந்தது. அப்படியிருக்க, "ஆய்வில் பங்கேற்றவர்களின் மன அழுத்தம் குறைந்தது" என்று செய்தித்தாள்களில் எழுதுகிறார்களே, எதை அளந்து அப்படிச் சொல்கிறார்கள்?
– ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, எந்த ஆய்வு முடிவைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியையே நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான ஆய்வுகளில் அளவுகோலாக இருப்பது ஒரு வினாத்தாள்தான். அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் அவருடைய சகாக்களும் 1983-இல் வெளியிட்ட வினாத்தாள் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. முதலில் 14 கேள்விகள் இருந்தன; இப்போது பெரும்பாலும் 10 கேள்விகள் கொண்ட வடிவமே வழக்கில் உள்ளது. கடந்த ஒரு மாதத்தில் முக்கியமான காரியங்கள் கைமீறிப் போவதாக எத்தனை முறை தோன்றியது, சமாளிக்க முடியாத அளவுக்குச் சுமைகள் குவிந்துவிட்டதாக எத்தனை முறை உணர்ந்தீர்கள் என்ற ரீதியில் கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 40. அது ஒருவர் தன் நிலையைத் தானே எடைபோட்டுச் சொல்வது என்பதால், "இந்தப் பயிற்சி எனக்குப் பலன் தரும்" என்ற எதிர்பார்ப்போடு வந்தவரின் மதிப்பெண் அந்த எதிர்பார்ப்பினாலேயே ஓரளவு இறங்கிவிடும்.

அடுத்தது, சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சுரக்கும் கார்டிசால் என்னும் ஹார்மோன். இதை இரத்தத்திலும் உமிழ்நீரிலும் அளக்கலாம். தலைமுடியில் அளந்தால், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் முடி ஒரு மாதக் கணக்கைச் சொல்லும். ஆனால் கார்டிசால் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. விழித்தெழுந்த அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், பகல் முழுவதும் படிப்படியாகக் குறைந்து, நள்ளிரவை ஒட்டி மிகக் கீழே இறங்கும். ஆகவே ஏதோ ஒரு நேரத்தில் ஒரே ஒரு முறை இரத்தம் எடுத்து, ஒருவருடைய மன அழுத்தம் இவ்வளவு என்று சொல்லிவிட முடியாது. அதற்காகத் தனியாகப் பணம் கட்டிப் பரிசோதனை செய்துகொள்ளாதீர்கள் என்றே சொல்வேன்.

மூன்றாவது வழி, ஆய்வுக்கூடத்திலேயே மன அழுத்தத்தை உண்டாக்கிப் பார்ப்பது. ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-இல் வெளியான முறை இதற்குப் புகழ்பெற்றது. வேலைக்கான நேர்காணலில் பேசுவதுபோல் தன்னைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று சொல்லி, தயாராவதற்குச் சிறிது நேரம் தருவார்கள். எதிரே வெள்ளை மேலங்கி அணிந்தவர்கள் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். தலையசைக்கவும் மாட்டார்கள், புன்னகைக்கவும் மாட்டார்கள். ஒளிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கும். பேசி முடித்ததும், 1022-லிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்து உரக்கச் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் தவறினாலும் "மறுபடியும் 1022-லிருந்து" என்பார்கள். இந்தச் சில நிமிடங்களிலேயே பெரும்பாலானவர்களின் உமிழ்நீரில் கார்டிசால் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை உயர்கிறது. பிறர் நம்மை மதிப்பிடுகிறார்கள், நிலைமை நம் கையில் இல்லை என்ற இரண்டும் சேரும்போதுதான் உடல் இப்படிக் கொதித்தெழுகிறது என்பது இந்த வகைச் சோதனைகளிலிருந்து கிடைத்த முக்கியமான பாடம்.

வினாத்தாள் மதிப்பெண்ணுக்கும் உடலுக்கும் உண்மையில் தொடர்பு உண்டா என்று நீங்கள் கேட்கக்கூடும். அதே கோஹன் பிரிட்டிஷ் ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1991-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல உடல்நலத்துடன் இருந்த 394 தன்னார்வலர்களின் மூக்கில் சளிக் கிருமிகளைச் சொட்டுமருந்துபோல் விட்டு, அவர்களைத் தனிமையில் வைத்துக் கவனித்தார்கள். மன அழுத்த மதிப்பெண் மிகக் குறைவாக இருந்தவர்களில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினருக்குச் சளி பிடித்தது. மிக அதிகமாக இருந்தவர்களில் 47 விழுக்காட்டினருக்குப் பிடித்தது. புகைப்பழக்கம், தூக்கம், உணவு முதலானவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வேறுபாடு நின்றது. குறைகள் இருந்தாலும், அந்த வினாத்தாள் உண்மையான ஒன்றைத்தான் தொட்டிருக்கிறது.

கேள்வி: எனக்கு வயது 48. என் மாமியாருக்கு ஐந்து வருடமாக முதுமை மறதி நோய். இரவில் எழுந்து, கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார். அவருக்கு எல்லாம் நான்தான் செய்கிறேன். சமீபத்தில் கையில் எண்ணெய் தெறித்து உண்டான புண் ஆற ரொம்ப நாள் ஆயிற்று. எனக்குச் சர்க்கரை இல்லை என்று பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். மனக்கவலையால் புண் ஆறாமல் போகுமா, டாக்டர்? தியானம் செய் என்கிறார்கள். உட்கார எனக்கு நேரம் எங்கே இருக்கிறது?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: அம்மா, உங்கள் புண் எதனால் தாமதமாக ஆறியது என்று நேரில் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கேட்டது கற்பனையான சந்தேகம் அல்ல. உங்களைப் போன்றவர்களை வைத்தே அதைச் சோதித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் தலைமையில் நடந்து 1995-இல் வெளியான ஆய்வு அது. மறதி நோய் கண்ட உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களையும், அதே வயதும் ஒத்த குடும்ப வருமானமும் உள்ள, அத்தகைய பொறுப்பு இல்லாத 13 பெண்களையும் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோருக்கும் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சிறு காயத்தை மருத்துவ முறைப்படி உண்டாக்கி, அது மூடும்வரை தொடர்ந்து புகைப்படம் எடுத்துவந்தார்கள். பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39.3 நாட்களில் காயம் ஆறியது, பராமரித்துவந்தவர்களுக்கு 48.7 நாட்கள் ஆயிற்று. ஏறத்தாழ ஒன்பது நாள் கூடுதல். பிறகு பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரின் மேலண்ணத்தில், கோடை விடுமுறையில் ஒரு முறையும் தேர்வுக்கு மூன்று நாள் முன்னதாக ஒரு முறையும் அதேபோல் செய்து பார்த்தபோது, தேர்வு நேரத்துக் காயம் சராசரியாக 40 விழுக்காடு மெதுவாக ஆறியது. இரண்டும் மிகச் சிறிய ஆய்வுகள். ஆனாலும் வேறுபாடு தெளிவாக இருந்தது. காயத்தை ஆற்ற வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்களின் வேலையை நீடித்த கவலை தாமதப்படுத்துகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

இனி, நேரம் எங்கே என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பராமரிப்பவரின் பாரத்தை அப்படியே வைத்துவிட்டு, "நீ மனத்தை அமைதியாக வைத்துக்கொள்" என்று மட்டும் சொல்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கில் லிவிங்ஸ்டன் தலைமையிலான குழு இதை நன்கு புரிந்துகொண்டிருந்தது. மறதி நோயாளிகளைப் பராமரிக்கும் 260 குடும்பத்தினரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு எட்டு அமர்வுகள் கொண்ட உதவியை அளித்தார்கள். அமர்வுகளை நடத்தியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற உளவியல் பட்டதாரிகள். நோயாளியின் எந்த நடத்தை எந்த நேரத்தில், எதைத் தொடர்ந்து வருகிறது என்று குறித்துவைத்து அதற்கு வழிகாண்பது, குடும்பத்தில் யாரிடம் எந்த உதவியை எப்படிக் கேட்பது, "எல்லாம் என் தவறு" என்பது போன்ற எண்ணங்களை எப்படி எதிர்கொள்வது, தனக்குப் பிடித்த ஒரு சிறு காரியத்துக்கு வாரத்தில் எப்படி இடம் ஒதுக்குவது, வருங்காலத்துக்கு என்ன ஏற்பாடு என்பவையே பாடங்கள். ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் உடலைத் தளர்த்தும் பயிற்சி ஒன்று இருந்தது. 2013-இல் வெளியான முடிவுகளின்படி, இந்த உதவி பெற்றவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் பலன் நீடித்தது. இந்தத் துறையில் இவ்வளவு காலம் நிற்கும் பலன் அபூர்வம்.

இதிலிருந்து நீங்கள் உடனே எடுத்துக்கொள்ளக்கூடியவை சில உண்டு. மாமியார் இரவில் எழும் நேரத்தையும், அதற்கு முன் என்ன நடந்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். பகலில் அதிகம் தூங்குவது, மாலையில் காபி, சிறுநீர் கழிக்கப் போக வேண்டிய அவசரம், வலி என்று காரணம் பல நேரங்களில் புலப்படும். மருத்துவரிடம் அந்த நோட்டைக் காட்டினால் அவருக்கும் வழி தெரியும். கதவின் தாழ்ப்பாளை அவர் வழக்கமாகத் தேடாத இடத்தில், மேலேயோ கீழேயோ பொருத்துங்கள். ஆனால் வீட்டிலுள்ள மற்றவர்கள் அவசரத்துக்குச் சட்டென்று திறக்கும்படி இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரத்தில் இரண்டு இரவுகளாவது கணவரோ கொழுந்தனாரோ நாத்தனாரோ பொறுப்பேற்க வேண்டும் என்று குடும்பத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். இந்தப் பதிலை அவர்களிடம் படிக்கக் கொடுத்தாலும் சரி. தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாகவே வந்தால், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அல்லது 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். அது கட்டணமில்லாத அரசுச் சேவை, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் எல்லோருக்கும் ஒரு தியானச் செயலியை இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். "மருத்துவ ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று அதில் போட்டிருக்கிறது. நள்ளிரவு வரை அழைப்புகள் வருவது மட்டும் மாறவில்லை. இந்தச் செயலியால் பலன் இருக்குமா?
– மென்பொருள் பொறியாளர், சோழிங்கநல்லூர்

பதில்: "நிரூபிக்கப்பட்டது" என்று யார் சொன்னாலும், "எதனோடு ஒப்பிட்டு?" என்று கேளுங்கள். தியானம் செய்தவர்களை, எதுவுமே செய்யாமல் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் தியானம் பெரும்பாலும் வெல்லும். ஒரு குழுவில் சேர்ந்தோம், யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள், தினமும் சிறிது நேரம் நமக்கென்று ஒதுக்கினோம் என்பவற்றின் பலனும் அந்த வெற்றியில் கலந்திருக்கும். உடற்பயிற்சி போன்ற வேறொரு செயலில் அதே அளவு நேரமும் கவனிப்பும் பெற்றவர்களோடு ஒப்பிடுவதுதான் கடினமான தேர்வு.

ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சிதான் இன்றைய மைண்ட்ஃபுல்னஸ் (இந்தக் கணத்தில் நடப்பதை விழிப்போடு கவனிக்கும் தியானம்) ஆய்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. வாரம் ஒரு முறை இரண்டரை மணி நேர வகுப்பு, ஒரு முழுநாள் அமர்வு, வீட்டில் தினமும் முக்கால் மணி நேரப் பயிற்சி. செயலியில் பத்து நிமிடம் கண்மூடி இருப்பது இதுவாகிவிடாது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். பல்வேறு தியான முறைகளைப் பற்றிய, ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஏதேனும் ஒரு கவனிப்பு அளித்த 47 ஆய்வுகளை மட்டும் திரட்டி, 3,515 பேரின் முடிவுகளை 2014-இல் ஓர் அமெரிக்கக் குழு அலசியது. மைண்ட்ஃபுல்னஸ் வகைப் பயிற்சிகளால் பதற்றத்தில் மிதமான முன்னேற்றம் இருந்தது. எண்ணிக்கையில் சொன்னால், பயிற்சி செய்த 100 பேரில் ஏறத்தாழ 65 பேர் செய்யாதவர்களின் சராசரியைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். பலனே இல்லையென்றால் அந்த எண்ணிக்கை 50 ஆக இருக்கும். மன அழுத்தத்தைப் பொறுத்தவரை சான்று இன்னும் பலவீனமாக இருந்தது. உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இதை வைத்துத் தியானத்தைக் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். பதற்ற நோய் உறுதிசெய்யப்பட்ட 276 பேரை வைத்து 2022-இல் வெளியான ஆய்வொன்றில், அந்த எட்டு வாரப் பயிற்சி, பதற்றத்துக்குத் தரப்படும் எசிட்டலோபிராம் மாத்திரைக்குச் சளைக்காத பலனைத் தந்தது. பக்கவிளைவுகளும் மிகக் குறைவு. (மாத்திரை சாப்பிட்டுவரும் வாசகர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.) முறையான பயிற்சிக்கு உரிய இடம் உண்டு.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது நள்ளிரவு அழைப்புகள் பற்றிய அந்த ஒரு வரி. வேலையின் நெருக்கடி அதிகம், அதை எப்படிச் செய்வது என்பதில் தன் விருப்பத்துக்கு இடம் குறைவு – இந்த இரண்டும் கூடிய நிலை இதயத்தையும் பாதிக்கிறது. ஐரோப்பாவில் ஏறத்தாழ 1,97,000 பணியாளர்களின் தரவுகளைத் தொகுத்து 2012-இல் வெளியிட்டபோது, இந்த நிலையில் இருந்தவர்களுக்கு இதய இரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு 23 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 பணியாளர்களைப் பற்றி 2024-இல் வந்த ஆய்வு, செயலி, மன உறுதிப் பயிற்சி போன்ற தனிநபர் திட்டங்களில் சேர்ந்தவர்களின் நலம் சேராதவர்களைவிட மேம்பட்டிருக்கவில்லை என்று காட்டியது. ஏற்கெனவே சோர்ந்தவர்களே இவற்றில் அதிகம் சேர்ந்திருக்கக்கூடும். இது குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வு அன்று. எனினும் நிறுவனங்கள் இதைப் பார்க்க வேண்டும்.

மாறாக, உங்கள் துறையிலேயே நடந்த நல்ல சோதனை ஒன்று உண்டு. அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்றின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் பணிக்குழுக்களையே குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதிக் குழுக்களில், எப்போது, எங்கிருந்து வேலை செய்வது என்பதைப் பணியாளர்களே முடிவு செய்யும்படி ஏற்பாடுகளை மாற்றினார்கள். பணியாளர்களின் குடும்ப வாழ்க்கைக்குத் துணைநிற்கும் வகையில் மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தக் குழுக்களில் சோர்வும் மன அழுத்தமும் குறைந்தன, பணித் திருப்தி கூடியது. செயலியை நீங்கள் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அதோடு உங்கள் குழுவினரைச் சேர்த்துக்கொண்டு, இரவு இத்தனை மணிக்கு மேல் அழைப்பு வேண்டாம், அவசரத்துக்கு ஒருவர் மட்டும் முறைவைத்து இருப்பார் என்ற கோரிக்கையை எழுத்தில் மேலாளரிடம் கொடுங்கள்.

கேள்வி: அமுக்கரா சூரணம் மன அழுத்தத்தைக் குறைக்கும் என்று ஆய்வே வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எனக்குத் தைராய்டு மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. சாப்பிடலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஆய்வு வந்திருப்பது உண்மை. ஹைதராபாத்தில் 64 பேருக்கு நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், அமுக்கராவின் வேர்ச்சாறு 300 மில்லிகிராம் வீதம் தினம் இரு வேளை, 60 நாட்கள் கொடுத்தார்கள். மருந்துப்போலி (மருந்துபோலவே தோன்றும், மருந்தில்லாத மாத்திரை) எடுத்தவர்களைவிட அவர்களின் மன அழுத்த மதிப்பெண்ணும் கார்டிசாலும் நன்றாகவே குறைந்தன. பிறகு வந்த சில ஆய்வுகளும் ஏறக்குறைய இதே திசையைக் காட்டுகின்றன. ஆனால் இவை சிறியவை, குறுகிய காலத்தவை. அவற்றில் கொடுத்தது செறிவூட்டி அளவு சீராக்கிய சாறு. கடையில் கிடைக்கும் சூரணத்துக்கு அந்த எண்களைப் பொருத்திப் பார்க்க முடியாது.

அமுக்கராவால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் பல நாடுகளில் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன; டென்மார்க் 2023-இல் அதைத் தடையே செய்தது. அது தைராய்டு ஹார்மோன் அளவையும் உயர்த்தக்கூடும் என்பதால், ஏற்கெனவே மாத்திரை எடுக்கும் நீங்கள் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். தூக்க மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: கவலைப்பட்டால் அல்சர் வரும் என்பது உண்மையா?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: கிருமிதான் முதன்மைக் காரணம். ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்காக 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதற்கடுத்த காரணம், நாம் கேட்காமலே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள். எனினும் கவலைக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது: டென்மார்க்கில் 3,379 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், மன அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்கு, கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடற்புண் கூடுதலாக வந்தது. மலம் தார்போல் கறுத்துப் போனாலோ வாந்தியில் இரத்தம் தென்பட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர் மருத்துவமனை ஒன்றில் மூச்சுப் பயிற்சி பற்றிய ஆய்வுக்கு ஆள் எடுக்கிறார்கள். தேர்வுப் பயத்தால் தவிக்கும் எனக்குச் சேர ஆசை. அம்மா, "உன்னைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்கள்" என்று பயப்படுகிறார்.
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: அம்மாவின் அக்கறை புரிகிறது. அவரையும் உடன் அழைத்துப்போய் விவரங்களைக் கேளுங்கள். இந்தியாவில் மருந்து ஆய்வு ஆனாலும் பயிற்சி ஆய்வு ஆனாலும், தொடங்கும் முன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007 முதல் இயங்குகிறது. அதன் இணையதளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். பதிவு எண் என்ன என்று ஆய்வாளரிடம் கேட்டு, இணையதளத்தில் சரிபாருங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கினால் சேர வேண்டாம்.

மூச்சுப் பயிற்சிக்குச் சான்று ஓரளவு இருக்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வொன்று 2023-இல் வெளியானது. தினம் ஐந்து நிமிடம் வீதம் ஒரு மாதம், மூன்று விதமான மூச்சுப் பயிற்சிகளையும் தியானத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தது. பதற்றம் எல்லாக் குழுக்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. மூக்கால் மூச்சை இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சிறு மூச்சை இழுத்து, வாய்வழியாக நீளமாக விடும் பயிற்சி செய்தவர்களிடம் உற்சாக உணர்வு தியானக் குழுவைவிடக் கூடுதலாக உயர்ந்தது. இதைச் செய்து பார்க்க ஆய்வில் சேர வேண்டிய அவசியம்கூட இல்லை, தலைசுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

சேர்வதானால் ஒன்றை மனத்தில் தயார்படுத்திக்கொள்ளுங்கள். குலுக்கலில் நீங்கள் காத்திருப்போர் பட்டியலில் விழலாம். அப்படியானால் பயிற்சி தேர்வுக்குப் பிறகுதான் கிடைக்கும். ஆகவே தேர்வுப் பயத்துக்கு இப்போதே உதவி வேண்டுமென்றால் ஆய்வை மட்டும் நம்பியிருக்காமல், கல்லூரியின் உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். அப்படிப் பார்ப்பதை ஆய்வாளரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து படித்த பிறகு கையெழுத்திடலாம். கையெழுத்திட்ட பிறகும் எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. விலகினால் அந்த மருத்துவமனையில் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய வழக்கமான சிகிச்சை எதையும் அவர்கள் மறுக்க முடியாது.